பங்கு கேட்டா மட்டும் ஏன் முகம் மாறுது? (வாசகர் கேள்வி பதில்)

வாசகர்களே, இந்த தடவை மார்க்கம், குடும்பம், பொம்பளைங்க உரிமை பத்தி வந்த கேள்விங்களை மட்டும் எடுத்திருக்கேன். எல்லாத்தையும் படிச்சதுல ஒண்ணு கவனிச்சேன், பர்தா பத்தி கேக்கறவங்க பேரு ஊரு தெரு எல்லாம் தைரியமா போட்டு எழுதறாங்க, சொத்து, சம்பளம், மஹர் (மாப்பிள்ளை பொண்ணுக்கு கொடுக்கறது)னு காசு பத்தி கேக்கறவங்க மட்டும் "அக்கா பேர் போட்டுடாதீங்க"ன்னு தான் ஆரம்பிக்கறாங்க. அதனால யாரு பேரும் போடல, ஊர் மட்டும் இருக்கு. நான் முஃப்தி கிடையாது, ஃபத்வா (மார்க்க தீர்ப்பு) வேணும்னா நல்ல ஹஜ்ரத்கிட்ட (மார்க்க அறிஞர்) போங்க, வேலூர்ல பாக்கியாத் மாதிரி பழைய மதரஸா இருக்கற ஊர் பக்கம் நமக்கு ஆலிம்களுக்கு பஞ்சமே இல்ல.

கேள்வி: அக்கா, நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனில அப்பர் தைக்கிற செக்‌ஷன்ல இருக்கேன். காலைல கம்பெனி பஸ் ஏறுனா வீட்டுக்கு வர இருட்டிடுது. சம்பளம் பேங்க்ல ஏறுது, ஆனா ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் கையில, மெசேஜ் கூட அவர் போனுக்கு தான் போகுது. கேட்டா "பொண்டாட்டி சம்பாதிச்சது புருஷனுக்கு தான், மார்க்கத்துல அப்படித்தான் இருக்கு"ன்றாரு. அப்படியா?

பதில்: மார்க்கத்துல அப்படி எங்கயும் இல்லம்மா. ஆம்பளைங்க சம்பாதிச்சது ஆம்பளைங்களுக்கு, பொம்பளைங்க சம்பாதிச்சது பொம்பளைங்களுக்குன்னு குர்ஆன் 4:32ல நேராவே இருக்கு. உங்க சாப்பாடு, துணிமணி, தங்கற இடம் மூணும் அவர் பொறுப்பு, நீங்க எவ்ளோ சம்பாதிச்சாலும் அந்த பொறுப்பு அவர் தலையிலருந்து இறங்காது. 

நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவங்க மனைவி ஜைனப் (ரலி) கைத்தொழில் பண்ணி சம்பாதிச்சவங்க, புருஷன் ஏழை. புருஷனுக்கும் வீட்டுல வளர்ற அநாதை பிள்ளைங்களுக்கும் செலவு பண்ணா அது தர்மத்துல சேருமான்னு கேக்க நபி (ஸல்) வீட்டுக்கு போறாங்க, அங்க வாசல்ல பாத்தா இன்னொரு அன்ஸாரி பொம்பளையும் அதே கேள்வியோட நிக்கறாங்க. பிலால் (ரலி) உள்ள போய் கேட்டுட்டு வந்து சொன்ன பதில், சேரும், அதுவும் ரெண்டு கூலி, சொந்தத்தை கவனிச்சதுக்கு ஒண்ணு தர்மத்துக்கு ஒண்ணு. புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு. இப்ப யோசிங்க, புருஷனுக்கு கொடுக்கறது தர்மம்னு சொன்னா அந்த காசு அவங்களோடதுன்னு தான அர்த்தம், அவர் காசையே அவருக்கு யாராவது தர்மம் பண்ண முடியுமா? 

நீங்க குடும்பத்துக்கு கொடுக்க வேணாம்னு நான் சொல்லல, வாடகை, பிள்ளைங்க ஸ்கூல் பீஸ்னு ரெண்டு சம்பளமும் சேந்தா தான் வண்டி ஓடுது, எனக்கும் தெரியும். ஆனா கொடுக்கறது நீங்களா இருக்கணும். ஆதார், பாஸ்புக் எடுத்துக்கினு பேங்குக்கு போய் அக்கவுண்ட்ல உங்க நம்பரை மாத்துங்க, மெசேஜ் உங்களுக்கு வரட்டும். அப்படியே பிஎஃப்ல நாமினி யாரு பேர்ல இருக்குன்னும் பாத்துடுங்க, நெறைய பேர் சேரும்போது யாரோ பூர்த்தி பண்ண ஃபாரத்துல கையெழுத்து போட்டதோட சரி, அப்புறம் திரும்பி பாக்கறதே இல்ல.

கேள்வி: எனக்கு நிக்காஹ் பேசி இருக்காங்க, வாணியம்பாடி. நான் கைக்கூலி (வரதட்சணை) வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா அம்மாவும் பெரியம்மாவும் "நாங்க எதுவும் கேக்கல, அவங்க பொண்ணுக்கு அவங்க செய்றாங்க, ஃபாத்திமா நாயகிக்கே சீர் கொடுத்தாங்க"ன்னு சொல்லிட்டு பொண்ணு வீட்டுல மண்டபம், பைக், பீரோ, கட்டில்னு லிஸ்ட் போகுது. மஹர் மட்டும் சில ஆயிரத்துல முடிச்சிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, மாப்பிள்ளையே இப்படி கேட்டு எழுதறது ரொம்ப கம்மி, அதுக்கே உங்களுக்கு துஆ பண்றேன். 

"நாங்க கேக்கல"ன்றது நம்ம பக்கத்துல பெரிய டெக்னிக். உருது பேசற வீட்டுல ஜோடே கி ரகம் (மாப்பிள்ளைக்கு கொடுக்கற ரொக்கம்)னு வெளிப்படையா பேசறதாவது காதுல விழும், இது விழாது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு "எங்க பெரிய மருமகளுக்கு அவங்க வீட்டுல இவ்ளோ போட்டாங்க, நாங்க ஒண்ணுமே கேக்கல"ன்னு டீ குடிச்சிக்கினே ஒரு வார்த்தை, அவ்ளோதான், அந்த பொண்ணோட அத்தா அன்னிக்கு நைட்டே வீட்டை போக்கியத்துக்கு விடலாமா, குழுவுல லோன் எடுக்கலாமான்னு கணக்கு போட ஆரம்பிச்சிடுவாரு. பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் எத்தனை அம்மாங்க வருஷக்கணக்கா முறத்தை மடியில வெச்சிக்கினு பீடி சுத்தி சேத்த காசு ஒரே நாள்ல பிரியாணி, கத்திரிக்கா, மக்கன் பேடான்னு மண்டபத்துல போயிடுது. 

நபி மகள் ஃபாத்திமா (ரலி) சீர் கதைக்கு வருவோம். அவங்களோட அனுப்புனது ஒரு துணி, ஒரு தண்ணி தோல்பை, இத்கிர்னு ஒரு புல்லை அடைச்ச தோல் தலையணை. இவ்ளோதான் ஹதீஸ்ல வருது. மாப்பிள்ளை அலி (ரலி) கேட்டு வாங்குனது ஒண்ணுமே கிடையாது. இதை அடிக்கடி சொல்றவங்க அடுத்த பாதியை சொல்ல மாட்டாங்க, மஹர் கொடுக்க கையில எதுவும் இல்லன்னு அலி (ரலி) சொன்னப்ப நபி (ஸல்) அலி (ரலி)யோட போர்க்கவசத்தை கேட்டு அதையே மஹரா கொடுக்க சொன்னாங்க. அதாவது மாப்பிள்ளை தன்கிட்ட இருந்த ஒரே நல்ல பொருளை எடுத்து வெச்சாரு. உங்க பெரியம்மாகிட்ட இந்த பாதியையும் சொல்லுங்க. 

பெண்களுக்கு அவங்க மஹரை மனசார கொடுத்துடுங்கன்னு 4:4 ஆம்பளைங்களை பாத்து சொல்லுது, காசு போற திசையே மாப்பிள்ளை வீட்டுலருந்து பொண்ணுக்கு தான். விருந்தும் அப்படித்தான், வலீமா (நிக்காஹ் விருந்து) மாப்பிள்ளை பொறுப்பு, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) கல்யாணம் பண்ணிக்கிட்டதும் ஒரு ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுங்கன்னு நபி (ஸல்) அவர்கிட்ட தான் சொன்னாங்க, பொண்ணு வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. நம்ம ஊர்ல பொண்ணு வீட்டு விருந்துக்கு ஆயிரம் பேர் வரான், வலீமாவுக்கு இருநூறு பேர். தலைகீழ்.

1961ல வந்த வரதட்சணை தடுப்பு சட்டத்துல மஹரை வரதட்சணை கணக்குல சேக்கலன்னு தெளிவா எழுதி இருக்கு. கைக்கூலிக்கு அந்த விலக்கு கிடையாது, வாங்குனாலும் கொடுத்தாலும் குறைஞ்சது அஞ்சு வருஷம் ஜெயில்.

நீங்க பண்ண வேண்டியது, பொண்ணோட அத்தாவுக்கு நீங்களே போன் போட்டு "மாமா பைக் வேணாம், மண்டபம் வேணாம், மஸ்ஜித்ல நிக்காஹ் வெச்சிக்கலாம்"னு சொல்லணும். அம்மா மூலமா சொல்லி அனுப்பாதீங்க, போய் சேராது. மஹரை நீங்களே உக்காந்து கௌரவமான தொகைக்கோ பவுனுக்கோ ஏத்துங்க, முடிஞ்சா அன்னிக்கே கையில கொடுத்துடுங்க. அப்புறம் தரேன்னு தப்தர்ல (நிக்காஹ் பதிவேடு) எழுதி வெச்சிட்டு மௌத்துக்கு அப்புறம் ஜனாஸா பக்கத்துல நின்னு "மஹரை மாஃப் பண்ணிடும்மா"ன்னு அந்த அழுதுக்கினு இருக்கற பொம்பளைகிட்ட கேக்கறாங்களே, எனக்கு அதை பாத்தா அப்படி கோவம் வரும். அது கடன், சொத்தை பிரிக்கறதுக்கு முன்னாடி அடைக்க வேண்டிய கடன்.

கேள்வி: மேல்விஷாரம். அத்தா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகுது. அம்மா இருக்காங்க, ரெண்டு அண்ணன், நான் ஒரே பொண்ணு. வீடும் கடையும் இருக்கு. அண்ணன்ங்க விடுதலை பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கற பத்திரம்) ரெடி பண்ணி வெச்சிக்கினு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து கையெழுத்து போடுன்றாங்க. "உனக்கு தான் கல்யாணத்துல எல்லாம் செஞ்சாச்சே, பங்கு கேட்டா அண்ணன் தங்கச்சி உறவு போயிடும்"னு மதினி சொல்றாங்க. அம்மா ஒண்ணும் பேசல. கேக்கறது தப்பா?

பதில்: முதல்ல கையெழுத்து போடாதம்மா. மீதியை அப்புறம் பேசலாம்.

நம்ம சமூகத்துல வட்டி ஹராம்னு தெரியும், பன்றி ஹராம்னு தெரியும், தங்கச்சி பங்கை அமுக்கறதும் அதே வரிசைன்னு மட்டும் எவனுக்கும் ஞாபகம் வராது. தொழுகை எப்படி தொழணும், எத்தனை ரக்அத்துன்ற விவரத்தை குர்ஆன் நபி (ஸல்) கிட்ட விட்டுடுச்சு, ஆனா யாருக்கு எட்டுல ஒண்ணு, யாருக்கு ஆறுல ஒண்ணு, யாருக்கு பாதின்னு பாகப்பிரிவினையை அதுவே எண்ணி சொல்லுது. அல்லாஹ்வே கணக்கு போட்டு கொடுத்த இடம் இது, அங்க போய் அண்ணன் பேனாவை எடுத்து அடிச்சிடறாரு.

இந்த பாகப்பிரிவினை ஆயத்து (குர்ஆன் வசனம்) எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சிக்கோ. உஹத் போர்ல ஸஅத் பின் ரபீஉ (ரலி) ஷஹீதாயிட்டாங்க, ரெண்டு பொண்ணு. அந்த பிள்ளைங்களோட சித்தப்பா சொத்து மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாரு, அந்த காலத்து வழக்கமே அப்படித்தான், பொம்பளைக்கு ஒண்ணும் கிடையாது. அந்த அம்மா ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கினு நபி (ஸல்) கிட்ட வந்து, காசு இல்லாம இவங்களுக்கு கல்யாணம் எப்படி ஆகும்னு கேட்டாங்க. அல்லாஹ் தீர்ப்பு சொல்லுவான்னு நபி (ஸல்) சொன்னாங்க, ஆயத்து இறங்குச்சு, உடனே சித்தப்பாவை கூப்பிட்டு பொண்ணுங்களுக்கு மூணுல ரெண்டு பங்கு, அம்மாவுக்கு எட்டுல ஒண்ணு, மீதி எதுவோ அது உனக்குன்னு சொல்லிட்டாங்க. ஒரு விதவை வந்து நின்னு பங்கு கேட்டாங்க. கேக்கறது தப்புன்னா அன்னிக்கே அந்த அம்மாவை திருப்பி அனுப்பி இருக்கணுமே?

இப்ப உங்க வீட்டு கணக்கு. மொதல்ல அத்தாவோட அடக்க செலவு, அவர் கடன், அம்மாவுக்கு மஹர் பாக்கி இருந்தா அதுவும், அப்புறம் வஸிய்யத் (உயில்) எதாவது எழுதி இருந்தா மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம அது. இதெல்லாம் போக மிச்சம் 40 லட்சம்னு வெச்சிக்கோ (அத்தாவோட அம்மா அப்பா உயிரோட இல்லன்னு எடுத்துக்கறேன், இருந்தா கணக்கு மாறும்). அம்மாவுக்கு எட்டுல ஒண்ணு, 5 லட்சம். மீதி 35 லட்சம், ஆண் பிள்ளைக்கு ரெண்டு பங்கு பொண்ணுக்கு ஒரு பங்கு, அப்ப அண்ணன்ங்களுக்கு தலைக்கு 14 லட்சம், உனக்கு 7 லட்சம். இதுல யாரும் யாருக்கும் பிச்சை போடல. அம்மா ஒண்ணும் பேசலன்னு எழுதி இருக்க, அவங்க 5 லட்சத்தையும் சேத்து தான் அண்ணன்ங்க எழுதிக்கறாங்கன்னு அவங்களுக்கே தெரியாம இருக்கும், சொல்லு.

கல்யாணத்துல செஞ்சது பங்குல கழியாது. அது அத்தா உயிரோட இருக்கும்போது பிள்ளைக்கு செஞ்சது, அண்ணன்ங்களுக்கும் தான் படிப்புக்கு, கடைக்குன்னு செஞ்சாரு, அதை யாராவது கழிக்கறாங்களா? உயிரோட கொடுக்கறதுலயே பிள்ளைங்களுக்குள்ள பாரபட்சம் கூடாதுன்னு நுஃமான் பின் பஷீர் (ரலி) ஹதீஸ் இருக்கு, அவங்க அத்தா ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்துட்டு சாட்சியா இருங்கன்னு வந்தப்ப, எல்லா பிள்ளைக்கும் இப்படி கொடுத்தியான்னு கேட்டு, இல்லன்னதும் அல்லாஹ்வுக்கு பயந்துக்கோ, பிள்ளைங்களுக்குள்ள நீதமா நடன்னு நபி (ஸல்) மறுத்துட்டாங்க.

சட்டமும் உன் பக்கம் தான். 1937 ஷரீஅத் சட்டப்படி நமக்கு வாரிசுரிமை ஷரீஅத் முறை தான், அதுல விவசாய நிலத்தை விட்டு வெச்சிருந்தாங்க, நம்ம மாகாணத்துல 1949லயே திருத்தம் பண்ணி அதையும் சேத்துட்டாங்க. அதனால "நிலத்துல பொண்ணுக்கு கிடையாது"ன்னு இன்னும் சொல்லிக்கினு இருக்கற பெருசுங்க பேச்சை கேக்காதீங்க. ஊர்ல ரெண்டு பெரியவங்கள வெச்சி, ஒரு நல்ல ஹஜ்ரத்தை வெச்சி பேசி பாரு. ஆகலன்னா கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு இருக்கும், பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வெச்சி கொடுக்கறாங்க.

உறவு போயிடும்னு மதினி சொல்றாங்களே, அவங்களுக்கும் அவங்க அத்தா வீட்டுல ஒரு பங்கு இருக்கும், அதை அவங்க அண்ணன் கொடுத்துட்டாரான்னு மெதுவா கேட்டு பாரு. நக்கலுக்கு சொல்லல. அநேகமா அவங்களுக்கும் கிடைச்சிருக்காது.

கேள்வி: காட்பாடி. நான் இந்து, என் ஃபிரண்ட்ஸ் பாதி பேர் முஸ்லிம், உங்க பகுதியை விடாம படிக்கறேன். தப்பா நினைக்காதீங்க, பொண்ணுக்கு பாதி தான்னு சொல்றது மட்டும் எப்படி நியாயம்? எங்களுக்கு சட்டத்துல சமமாயிடுச்சே.

பதில்: தப்பா நினைக்க என்ன இருக்கு தம்பி, என் வீட்டு பிள்ளைங்களே கேக்குது. எல்லா இடத்துலயும் பாதி இல்ல, ஆண் பிள்ளை இருக்கறவர் செத்தா அவரோட அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஆறுல ஒண்ணு, சமம். தாய் வழியில மட்டும் ஒண்ணான அண்ணன் தங்கச்சிக்கும் சமம். அண்ணன் தங்கச்சின்னு வர்ற இடத்துல ரெண்டுக்கு ஒண்ணு. காரணம் பொறுப்பு, மஹர் கொடுக்கறது அவன், பொண்டாட்டி பிள்ளை செலவு அவன், தங்கச்சி விதவையாவோ தலாக் ஆயோ கஷ்டத்தோட வந்தா பாக்கறதும் அவன், தங்கச்சி 7 லட்சத்தை அப்படியே பேங்க்ல போட்டு வெச்சாலும் செலவு பண்ணுன்னு கேக்க யாருக்கும் உரிமை இல்ல. இது முழு பொறுப்போட சேந்த கணக்கு. 

ரெண்டு பங்கை வாங்கிக்கினு பொறுப்பை மட்டும் கழட்டி விடற அண்ணன்ங்க இருக்கறதால தான் நீங்க கேக்கற கேள்விக்கு இவ்ளோ பலம் வருது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா உங்க வீட்லயும் சட்டம் தமிழ்நாட்டுல 1989லயே மாறுச்சு, நாடு பூரா 2005ல மாறுச்சு, உங்க அக்கா தங்கச்சிங்க எத்தனை பேர் வாங்கி இருக்காங்கன்னு ஒரு தடவை கேட்டு சொல்லுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.

கேள்வி: காலேஜ் போற பொண்ணு எனக்கு, ஆற்காடு. பஸ் ஸ்டாப்புல பசங்க நின்னுக்கினு கமெண்ட் அடிக்கறது, ரீல்ஸ் எடுக்கறது. ஜமாஅத்ல சொன்னா "உங்க பொண்ணை புர்கா ஒழுங்கா போட சொல்லுங்க"ன்றாங்க. அவ போட்டுக்கினு தான் போறா.

பதில்: ஸூரா நூர்ல 30வது ஆயத்து ஆம்பளைங்களை பாத்து பார்வையை தாழ்த்துங்கன்னு சொல்லுது, 31வது தான் பொம்பளைங்களுக்கு. வரிசையை மாத்தி 31ஐ மட்டும் மைக்ல சொல்றது நம்ம பழக்கம். ஹஜ் சமயத்துல ஒரு இளம் பொண்ணு நபி (ஸல்) கிட்ட மஸ்அலா (மார்க்க சந்தேகம்) கேக்க வந்தாங்க, பின்னாடி ஒட்டகத்துல உக்காந்திருந்த ஃபழ்ல் பின் அப்பாஸ் (ரலி) அந்த பொண்ணையே பாத்துக்கினு இருந்தாரு, நபி (ஸல்) அவரோட முகத்தை பிடிச்சி அந்த பக்கம் திருப்பி விட்டாங்க. அந்த பொண்ணு கேள்வியை கேட்டு பதில் வாங்கிக்கினு போனாங்க. இதை அடுத்த ஜும்ஆல பயான் பண்ண சொல்லி முத்தவல்லிகிட்ட (பள்ளிவாசல் நிர்வாகி) எழுதி கொடுங்க. அந்த பசங்களோட அத்தாங்க எல்லாம் முதல் ஸஃப்ல தான் உக்காந்திருப்பாங்க. ரீல்ஸ் எடுத்து போட்டா அது போலீஸ் கேஸ், பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணலாம், அதுல ஊர் மானம்னு ஒண்ணும் கிடையாது.

கேள்வி: பொம்பளைங்க பள்ளிவாசலுக்கு போலாமா?

பதில்: அல்லாஹ்வோட அடிமைப் பெண்களை அல்லாஹ்வோட பள்ளியை விட்டு தடுக்காதீங்கன்னு ஹதீஸ் இருக்கு, வீட்டுல தொழறது அவங்களுக்கு சிறந்ததுன்னும் இருக்கு. நம்ம பக்கம் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப் (மார்க்க சட்ட வழி), பிற்கால இமாம்கள் வேணாம்னு சொன்னதை பிடிச்சிக்கினு இருக்கோம், அந்த விவாதத்துக்கு நான் வரல. ஆனா பயணத்துல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? வேலூருக்கு சிஎம்சிக்கு வைத்தியம் பாக்க வங்காளத்துலருந்து, அஸ்ஸாம்லருந்து எல்லாம் குடும்பம் குடும்பமா வராங்க, கூட வந்த பொம்பளைங்க அஸர் தொழுகைக்கு நேரமாயி லாட்ஜ் மாடிப்படி கீழ, கடை ஓரம்னு துப்பட்டாவை விரிச்சி தொழறதை நீங்களே பாத்திருப்பீங்க. ஒளு செய்ய ஒரு குழா, ஒரு சின்ன ரூம், தனி வாசல், இவ்ளோ ஒதுக்க பெரிய ஃபத்வா எதுவும் வேணாம், ஏசி வாங்கற காசுல ஆயிடும்.

கேள்வி: துபாய்லருந்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப் வாய்ஸ்ல மூணு தடவை தலாக் சொல்லி அனுப்பிட்டாரு. எங்க ஹஜ்ரத் முடிஞ்சிடுச்சின்றாரு, வக்கீல் முடியலன்றாரு. நான் யாரோட பொண்டாட்டி? ஊர் வேணாம்.

பதில்: அந்த கடைசி வரியை படிச்சிட்டு ரொம்ப நேரம் கஷ்டமா இருந்துச்சும்மா. 

சட்டம் சுருக்கமா. 2017 ஆகஸ்ட் 22ல சுப்ரீம் கோர்ட் ஒரே மூச்சுல சொல்ற முத்தலாக் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, 2019ல சட்டமே வந்துடுச்சு, வாயால சொன்னாலும் எழுதுனாலும் வாட்ஸ்அப்ல அனுப்புனாலும் செல்லாது, சொன்னவருக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் ஜீவனாம்சம் கேக்கலாம், சின்ன பிள்ளைங்க உங்ககிட்ட தான். அப்ப சட்டப்படி நீங்க இன்னும் அவர் மனைவி. 

ஹஜ்ரத் சொல்றது ஹனஃபி மத்ஹபோட பழைய நிலைப்பாடு, ஒரே தடவைல மூணு சொன்னா மூணும் விழும்னு, ஆனா அப்படி சொல்றதே பாவம்னும் அதே கிதாப்ல இருக்கு, அதையும் சேத்து சொல்லணும். நபி (ஸல்) காலத்துலயும் அபூபக்கர் (ரலி) காலத்துலயும் உமர் (ரலி) ஆட்சியில முதல் ரெண்டு வருஷமும் மூணு தலாக் ஒண்ணா தான் இருந்துச்சுன்னு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்ன ஹதீஸ் முஸ்லிம்ல இருக்கு, அதை வெச்சி ஒரு தலாக் தான்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்க, அவங்ககிட்டயும் கேளுங்க. குர்ஆன் சொல்ற வழி இது இல்லவே இல்ல, சண்டைன்னா அவர் பக்கம் ஒருத்தர் உங்க பக்கம் ஒருத்தர் வெச்சி பேசணும் (4:35), அப்புறமும் ஆகலன்னா தான் ஒரு தலாக், இத்தா (மறுமணத்துக்கு முன்னாடி காத்திருக்கற) காலம் முடியற வரைக்கும் திரும்ப சேர டைம். இதுல வாய்ஸ் மெசேஜ் எங்க வருது? 

இப்போதைக்கு அந்த மெசேஜை அழிச்சிடாதீங்க, இன்னொரு போனுக்கு அனுப்பி வைங்க. மஹர் பாக்கி, நகை லிஸ்ட், கல்யாண தப்தர் காப்பி மூணையும் கையில எடுத்துக்கோங்க. அதுக்கு அப்புறம் சேர்றதா பிரியறதான்னு நீங்க யோசிக்கலாம், சேந்தே ஆகணும்னு யாரும் உங்களை கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி: 20 வயசு, குடியாத்தம், டிகிரி கடைசி வருஷம். மாமா பையனுக்கு நிக்காஹ்னு முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு இஷ்டம் இல்ல. "கன்னிப் பொண்ணு மௌனமே சம்மதம்"னு நன்னி (பாட்டி) சொல்றாங்க.

பதில்: வெக்கத்துல பேசாம இருக்கறதுக்கு தான் அந்த ஹதீஸ், அழுதுக்கினு ரூமுக்குள்ள உக்காந்திருக்கற பொண்ணுக்கு இல்ல. அத்தா விருப்பம் இல்லாம கட்டி வெச்சிட்டாருன்னு ஒரு கன்னிப் பொண்ணு வந்து சொன்னப்ப நபி (ஸல்) முடிவை அந்த பொண்ணு கையிலயே கொடுத்தாங்க (அபூதாவூத்). கன்ஸா பின்த் கிதாம் (ரலி) விஷயத்துல அத்தா பண்ண நிக்காஹையே ரத்து பண்ணிட்டாங்க (புகாரி). நம்ம மத்ஹபுல வயசு வந்த பொண்ணு சம்மதிக்காத நிக்காஹ் கூடவே கூடாது. நிக்காஹ் அன்னிக்கு வக்கீலும் (கோர்ட் வக்கீல் இல்ல, பொண்ணு சார்பா பேசறவர்) சாட்சிங்களும் உள்ள வந்து கேப்பாங்களே, அது சும்மா சடங்கு இல்ல, நீ இல்லன்னு சொன்னா அதோட முடிஞ்சிடுச்சு. ஆனா அது வரைக்கும் விடாத, பந்தல் போட்டப்புறம் சொல்றது ரொம்ப கஷ்டம். இப்பவே அத்தாகிட்ட நேரா சொல்லு, முடியலன்னா நன்னாவோ மாமியோ யாரு உன் பேச்சை கேப்பாங்களோ அவங்க மூலமா சொல்லு. நன்னிகிட்ட மேல இருக்கற ரெண்டு ஹதீஸையும் படிச்சி காமி, அவங்களுக்கு மார்க்கம்னா மரியாதை இருக்கும், இது வரைக்கும் யாரும் சொல்லி இருக்க மாட்டாங்க.

கேள்வி: பாத்திரம் கழுவி கொடுத்தா என் தம்பி என்னை பொண்டாட்டிதாசன்னு கிண்டல் பண்றான். ராணிப்பேட்டை.

பதில்: நபி (ஸல்) வீட்டுல என்ன பண்ணுவாங்கன்னு ஆயிஷா (ரலி) கிட்ட கேட்டப்ப வீட்டு வேலைல இருப்பாங்க, தொழுகை நேரம் வந்தா போயிடுவாங்கன்னாங்க, தன் செருப்பை தானே தைச்சாங்கன்னும் வருது. நீங்க கழுவுங்க, துடைக்கறதுக்கு தம்பியை கூப்பிடுங்க.

கேள்வி: பேர்ணாம்பட்டு. அத்தா போன மாசம் மௌத்தாயிட்டாரு, அம்மா இத்தால இருக்காங்க. பேங்க், தாலுகா ஆபீஸ்னு அம்மாவே வரணும்ன்றாங்க, சொந்தக்காரங்க ஜன்னல் கிட்ட கூட போகக்கூடாது, ஆகாசம் பாக்கக்கூடாதுன்னு பயமுறுத்தறாங்க.

பதில்: அல்லாஹ் உங்க அத்தாவுக்கு மக்ஃபிரத் (பாவமன்னிப்பு) கொடுக்கட்டும். இத்தா நாலு மாசம் பத்து நாள் (2:234), அலங்காரம் இல்லாம, அதே வீட்டுல தங்கணும், வேற கல்யாண பேச்சு இல்ல, அவ்ளோதான். இருட்டு ரூம், ஆகாசம் பாக்கக்கூடாது இதெல்லாம் நாமளா சேத்தது. புருஷன் மௌத்தான இத்தால தேவைக்கு பகல்ல வெளிய போய்ட்டு ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துடலாம்னு ஹனஃபி கிதாபுங்கள்லயே இருக்கு. தலாக் இத்தால இருந்த ஜாபிர் (ரலி) அவங்க சித்தி தன் பேரீச்ச மரத்துல காய் பறிக்க போனப்ப யாரோ தடுத்தாங்க, நபி (ஸல்) போய் பறிச்சிக்கோ, நீ தர்மம் பண்ணலாம், நல்லது பண்ணலாம்னு சொல்லி அனுப்புனாங்க (முஸ்லிம்). 

அதனால ஆட்டோ வெச்சி அம்மாவை கூட்டிக்கினு போங்க. இறப்பு சான்று வந்ததும் இ-சேவைல வாரிசு சான்றுக்கு போடுங்க, விதவை ஓய்வூதியத்துக்கும் தாலுகா ஆபீஸ்ல விசாரிங்க, கலெக்டர் ஆபீஸ்ல சிறுபான்மையினர் நலப் பிரிவுல முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம்னு ஒண்ணு இருக்கு, அங்கயும் மனு கொடுக்கலாம். வாரிசு சான்று கைக்கு வந்ததும் அம்மா பேரு, உங்க பேரு, கட்டி கொடுத்த அக்கா தங்கச்சிங்க பேரு எல்லாம் அதுல இருக்கான்னு கவுண்டர்லயே நின்னு படிச்சிட்டு வாங்க.